மதுரையிலிருந்து புதுக்கோட்டைக் குடைவரைக் கோயில்கள்: ஒரே நாளில் எத்தனை பார்க்கலாம்?

வைகைக்கரையான்:

எல்லோருக்கும் வணக்கம். வருகிற தை மாதம் ஒரு சனிக்கிழமை மதுரையிலிருந்து வேன் பிடித்துப் புதுக்கோட்டைப் பக்கம் மலைப்பாறையைக் குடைந்து செய்த குடைவரைக் கோயில்களைப் பார்த்து வரலாம் என்று இருக்கிறோம். நான், வீட்டுக்காரி, அம்மா, என் பெண், பிறகு என்னோடு பள்ளியில் படித்த இரண்டு நண்பர்களும் அவர்கள் குடும்பமும். மொத்தம் பதினான்கு பேர். விடியற்காலை கிளம்பி ராத்திரி வீட்டில் வந்து படுக்க வேண்டும். தங்க வழியில்லை, ஒரு நண்பனுக்கு ஞாயிற்றுக்கிழமையும் வேலை.

ஆளுக்கு ஓர் ஆசை. அம்மாவுக்குப் பிள்ளையார்பட்டி. முதலில் பிள்ளையாரைப் பார்த்துவிட்டுத்தான் மற்றதெல்லாம் என்கிறார். ஒரு நண்பன் ஆழ்வார்கள் பாடிய பெருமாள் தலங்களான திவ்யதேசங்களை ஒவ்வொன்றாகச் சேவித்து வருகிறவன். திருமயத்தை விட மாட்டான். என் பெண் எட்டாம் வகுப்பு, வீணை கற்றுக்கொள்கிறாள். குடுமியான்மலையில் பாறை முழுக்க ஸ்வரம் வெட்டிய கல்வெட்டு இருக்கிறது என்று அவளுடைய வீணை டீச்சர் சொன்னதிலிருந்து வீட்டில் அதே பேச்சு. இன்னொரு நண்பன் படம் எடுப்பவன். அவனுக்கு நார்த்தாமலையும் சித்தன்னவாசலும் வேண்டும். புதுக்கோட்டை ஊருக்குள்ளேயே திருக்கோகர்ணம் வேறு இருக்கிறதாம்.

கூகுள் மேப்பில் பார்த்தால் எல்லாமே பக்கம் பக்கமாகத்தான் தெரிகிறது. ஆறும் ஒரே நாளில் முடியுமா? அம்மாவுக்கு மூட்டு வலி. பத்துப் பதினைந்து படி என்றால் மெல்ல ஏறுவார், அதற்கு மேல் கஷ்டம். எந்த வரிசையில் போவது, மதியச் சாப்பாட்டுக்கு என்ன செய்வது, பிள்ளைகள் சலித்துக்கொள்ளாமல் இருக்க என்ன வழி? போய் வந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.

செட்டிநாட்டு மாப்பிள்ளை:

முடியும் சகோ. நாலு மணிக்கே கிளம்புங்க. ஆறு மணிக்குப் பிள்ளையார்பட்டி, எட்டுக்குத் திருமயம், பத்துக்குத் திருக்கோகர்ணம், பதினொன்றுக்குக் குடுமியான்மலை. மதியத்துக்கு மேல் சித்தன்னவாசல், நார்த்தாமலை. அப்படியே விராலிமலை வந்து ஹைவே பிடித்தால் மதுரை. டிரைவர் மட்டும் நல்ல ஆளாக இருக்கணும்.

திருமயத்துப் பொண்ணு:

தம்பி, நான் பிறந்தது திருமயம், வாழ்க்கைப்பட்டது புதுக்கோட்டை. தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பள்ளிப் பிள்ளைகளையும், வெளியூரிலிருந்து வரும் சொந்தபந்தங்களையும் இந்தக் கோயில்களுக்கு அழைத்துப்போவது எனக்குப் பிடித்த வேலை. அந்த உரிமையில் சொல்கிறேன். ஆறு வேண்டாம். மூன்று கோயில், நடுவில் சித்தன்னவாசல். அதுவே ஒரு நாளுக்கு நிறைவு.

மேலே தம்பி சொன்ன கணக்கில் வேன் ஓடிவிடும். ஆனால் பதினான்கு பேர் செருப்பைக் கழற்றி விட்டு, பாட்டியை இறக்கி, சின்னப் பிள்ளைகளைக் கழிப்பறைக்கு அழைத்துப்போய் வருவதற்கே ஒவ்வோர் இடத்திலும் அரை மணி நேரம் ஆகும். அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. குடைவரை என்பது கோபுரத்தைப் பார்ப்பது போல வாசலில் நின்று பார்த்துவிட்டு வருகிற இடம் இல்லை. வெயிலிலிருந்து உள்ளே நுழைந்ததும் ஒன்றும் தெரியாது. வௌவால் வாடையும் எண்ணெய்ப் பிசுக்கும்தான் முதலில் தெரியும். அப்படியே ஐந்து நிமிடம் நின்றால் தூண் தெரியும், பிறகு சுவரில் ஒரு கை தெரியும், ஒரு முகம் தெரியும். அந்த ஐந்து நிமிடத்தைக் கொடுக்காமல் அடுத்த ஊருக்கு ஓடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசே ஆறுவதில்லை. இவ்வளவு தூரம் வந்துவிட்டு எதையுமே பார்க்காமல் போகிறார்களே!

அடுத்து நடை சாத்தும் நேரம். இந்தப் பக்கத்துக் கோயில்களில் மதியம் பன்னிரண்டு மணி வாக்கில் நடை சாத்தினால் நாலு மணிக்கு மேல்தான் திறப்பார்கள். பிள்ளையார்பட்டி மட்டும் கொஞ்சம் தாமதமாகச் சாத்தும். தொல்லியல் துறையின் வசம் இருக்கும் சித்தன்னவாசலுக்கும் திருமயம் கோட்டைக்கும் இந்த மதிய இடைவேளை கிடையாது. ஆகவே உங்கள் நாளை இதற்கேற்பத்தான் மடக்க வேண்டும்.

நான் சொல்லும் வழி இது. நீங்கள் நினைத்திருப்பதற்கு நேர் தலைகீழ். அதிகாலை ஐந்தரைக்கு மதுரையை விட்டுத் திருச்சி ஹைவேயில் மேலூர், கொட்டாம்பட்டி, துவரங்குறிச்சி தாண்டி விராலிமலை வாருங்கள். வழியில் டிபன். விராலிமலையில் பிரிந்து இலுப்பூர், அன்னவாசல் வழியாகக் குடுமியான்மலை. ஒன்பது மணிக்குள் வந்துவிடலாம். வெயில் ஏறுவதற்குள் அங்கே இரண்டு மணி நேரம். பிறகு சித்தன்னவாசல், சாப்பாடு, கொஞ்சம் ஓய்வு. நாலு மணிக்குத் திருமயம். ஆறரை மணிக்குப் பிள்ளையார்பட்டி. அங்கிருந்து திருப்பத்தூர், மேலூர் வழியாக இரண்டு மணி நேரத்துக்குள் மதுரை.

குடுமியான்மலையைக் காலையில் வைப்பதற்கு உங்கள் பெண்தான் காரணம். சிகாநாதர் கோயிலுக்குள் நுழைந்ததும் பெரிய மண்டபத்தில் நாயக்கர் காலத்துச் சிற்பங்கள்: நரசிம்மர், பத்துத் தலை ராவணன், ரதி, மன்மதன், குதிரை வீரர்கள். பிள்ளைகளை அங்கே அவிழ்த்து விட்டால் ராவணனின் தலையை எண்ணிக்கொண்டே நேரம் போய்விடும். மூலவரின் குடுமிக் கதையையும் சொல்லுங்கள். சாமிக்கு வைத்திருந்த மாலையை அர்ச்சகர் தன் காதலிக்குச் சூட்டிவிட, அன்றைக்குப் பார்த்து ராஜா வந்து நிற்கிறார். அவருக்குப் பிரசாதமாகக் கொடுத்த மாலையில் ஒரு தலைமுடி. சாமிக்கே குடுமி உண்டு என்று அர்ச்சகர் சொல்லிவிட, அவரைக் காப்பாற்ற லிங்கத்தில் குடுமி முளைத்ததாம். தீபாராதனை காட்டும்போது லிங்கத்தின் உச்சியைப் பார்க்கச் சொல்லுங்கள், அந்த முடிச்சு தெரியும்.

பிறகு பின்பக்கம் மலையடிவாரத்துக்கு வாருங்கள். மேலைக்கோயில் என்ற குடைவரையும் அதை ஒட்டிய பாறையில் இசைக் கல்வெட்டும் அங்கேதான். மலை ஏற வேண்டாம், அம்மாவும் வரலாம். கம்பிக் கதவு பூட்டியிருந்தால் காவலரிடம் கேளுங்கள், திறந்து விடுவார். ஏறத்தாழ பதின்மூன்று அடிக்குப் பதினான்கு அடி பாறை. அதில் முப்பத்தெட்டு வரி. எழுத்து பல்லவ கிரந்தம், அதாவது இங்கே வடமொழி எழுதப் பயன்பட்ட பழைய எழுத்து; காலம் ஏழாம் நூற்றாண்டை ஒட்டி என்பார்கள். ஏழு பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு பெயர்: மத்யமக்ராமம், ஷட்ஜக்ராமம், ஷாடவம், ஸாதாரிதம், பஞ்சமம், கைசிகமத்யமம், கைசிகம். கீழே ஸ்வரங்கள் நான்கு நான்காகக் கட்டுக் கட்டாக ஓடும். உங்கள் பெண்ணுக்குத் தெரிந்த ச ரி க ம தான், ஆனால் ஒவ்வொரு ஸ்வரமும் அ, இ, உ, எ என நான்கு ஓசையில் வரும். ர, ரி, ரு, ரெ என்று. அது சுருதி வேறுபாட்டைக் காட்டுகிறதா, வீணையில் விரல் வைக்கும் முறையா என்று அறிஞர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. கடைசியில் தமிழில் ஒரு வரி உண்டு. எட்டுக்கும் ஏழுக்கும் இவை உரியன என்று. ருத்ராசாரியரின் சீடரான, சிவபக்தரான ஓர் அரசர் இதைச் செய்வித்தார் என்றும் இருக்கிறது. அந்த அரசர் மகேந்திரவர்ம பல்லவர்தான் என்று வெகுகாலம் சொல்லி வந்தார்கள். இன்று அதை எல்லோரும் ஏற்பதில்லை.

பக்கத்திலேயே ‘பரிவாதினி’ என்று தனியாக வெட்டியிருப்பார்கள். அது ஒரு வகை வீணையின் பெயர். வீணை படிக்கிற பெண்ணுக்கு அதைக் காட்டாமல் வந்துவிடாதீர்கள்.

காலை வெயில் சாய்வாக விழும்போது எழுத்தின் பள்ளத்தில் நிழல் நிற்கும், நன்றாகத் தெரியும். உச்சி வெயிலில் பாறை வெறும் சொரசொரப்பாகத்தான் தோன்றும். அதனால்தான் ஒன்பது மணிக்கு வாருங்கள் என்கிறேன்.

திருமயத்தைப் பற்றித் தனியாக எழுதுகிறேன், சொந்த ஊர்; கொஞ்சம் நீளும்.

நார்த்தாமலை நடையன்:

அக்கா சொல்வது எல்லாம் சரி. ஆனால் நார்த்தாமலையை விட்டது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. மேலமலை மேல் விஜயாலய சோழீச்சரம், அதற்கு எதிரிலேயே பாறையில் குடைந்த பதினெண்பூமி விண்ணகரம். உள்ளே சுவர் நெடுக ஆள் உயரத்தில் பன்னிரண்டு விஷ்ணு. எல்லாம் ஒரே மாதிரி நின்றுகொண்டிருப்பார்கள். பக்கத்தில் பழியிலீச்சரம் என்ற சின்னக் குடைவரை, முத்தரையர் காலத்தது. படம் எடுக்கும் நண்பருக்கு அதைவிட நல்ல இடம் இந்த மாவட்டத்தில் கிடையாது. சித்தன்னவாசலுக்குப் பதில் அங்கே போகலாமே?

திருமயத்துப் பொண்ணு:

நார்த்தாமலை அருமையான இடம், அதில் சந்தேகமே இல்லை தம்பி. ஆனால் வேன் நிற்கும் இடத்திலிருந்து மொட்டைப் பாறையில் நடந்து ஏற வேண்டும். மூட்டு வலிக்காரரை மதிய வெயிலில் அங்கே எப்படி ஏற்றுவது? அவரை மட்டும் வேனிலேயே உட்கார வைத்துவிட்டு நாம் போய்ப் பார்த்து வருவது குடும்பத்தோடு போகிற பயணமும் ஆகாது. நண்பர்கள் மட்டும் இன்னொரு நாள் காலை ஆறு மணிக்கு அங்கே நிற்கட்டும். அதற்கென்று ஒரு நாளை ஒதுக்கத் தகுந்த இடம்தான் அது.

சித்தன்னவாசலை நடுவில் வைத்தது மதிய நேரத்துக்காக. சமணர் குடைவரை, உங்கள் பட்டியலில் அது ஒன்றுதான் வேறு சமயம். அறிவர் கோயில் என்கிற அந்தக் குடைவரையின் விதானத்தில் தாமரைக் குளம்: பூ, இலை, மீன், அன்னம், யானை, பூப்பறிக்கும் ஆட்கள். தூணில் ஆடுகிற பெண்கள். நிறம் மங்கிப்போய்விட்டது, பொறுமையாகப் பாருங்கள். மதுரைக்காரர்களான நீங்கள் தேடிப் பார்க்க வேண்டிய ஒன்றும் அங்கே இருக்கிறது. மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் ஒன்பதாம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், இந்தக் கோயிலைப் புதுப்பித்து முன்மண்டபம் எடுத்த செய்தி கல்வெட்டாக இருக்கிறது. உங்கள் ஊர்க்காரர்! கொஞ்சம் படி உண்டு, அம்மா முடிந்தால் ஏறட்டும், முடியாவிட்டால் கீழே பூங்காவில் நிழல் இருக்கிறது. சமணர் படுக்கைகள் உள்ள ஏழடிப்பட்டத்துக்கு மட்டும் மதியத்தில் போகவே போகாதீர்கள். கல் கொதிக்கும், படியும் அதிகம்.

இப்போது திருமயம்.

எங்கள் ஊரில் ஒரே பாறையில் இரண்டு கோயில். ஒன்று சத்தியகிரீஸ்வரர், இன்னொன்று சத்தியமூர்த்திப் பெருமாள். இரண்டுமே குடைவரை. மேலே கோட்டை. விடுதலைப் போராட்டத் தலைவர் தீரர் சத்தியமூர்த்தி 1887-ல் பிறந்தது இந்த ஊரில்தான். பெருமாளின் பெயரைத்தான் அவருக்கு வைத்தார்கள்.

திவ்யதேசம் சேவிக்கிற நண்பருக்குத் திருமங்கையாழ்வார் பாடியதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் குடும்பத்தில் மற்றவர்களுக்கு ஒன்று சொல்லி அழைத்துப் போங்கள். இங்கே பெருமாள் இரண்டு. நின்ற கோலத்தில் சத்தியமூர்த்தி, பள்ளிகொண்ட கோலத்தில் திருமெய்யர். பள்ளிகொண்ட பெருமாள் அந்த மலைப்பாறையிலேயே செதுக்கியவர். தலையிலிருந்து பாதம் வரை ஒரே பார்வையில் அடங்க மாட்டார். அர்ச்சகர் தீபத்தை முகத்தில் காட்டி, மெல்ல மார்புக்குக் கொண்டுவந்து, பாதத்தில் முடிப்பார். பெரும்பாலானவர்கள் அந்தத் தீபத்தோடு பார்வையை நகர்த்தி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, தீர்த்தம் வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடுகிறார்கள். பின் சுவரைப் பார்ப்பதே இல்லை. அங்கேதான் மொத்தக் கதையும் இருக்கிறது.

பெருமாள் யோக நித்திரையில் இருக்கும்போது மது, கைடபன் என்ற இரண்டு அசுரர்கள் தாயாரைத் தூக்கிப்போக வருகிறார்கள். பெருமாளை எழுப்ப ஆதிசேஷனுக்கு மனம் இல்லை. தானே வாயிலிருந்து விஷச் சுவாலையைக் கக்கி அவர்களை விரட்டுகிறார். அந்தச் சுவாலை சுவரில் நாக்கு நாக்காக நெளிந்து ஓடுவதைச் செதுக்கியிருக்கிறார்கள். அது போய் முடிகிற இடத்தில், காலடிப் பக்கம், அசுரர்கள் இருவரும் ஓடப் பார்க்கிறார்கள். நடுவில் கருடன், பிரம்மா, மார்க்கண்டேயர், தேவர்கள், முனிவர்கள் எல்லோரும் கூடி நிற்கிறார்கள். கேட்காமல் செய்துவிட்டோமே என்று ஆதிசேஷன் பயந்து படத்தைச் சுருக்கிக்கொண்டதாகவும், பெருமாள் கையால் தட்டிக்கொடுத்துத் தேற்றுவதாகவும் ஊரில் சொல்வோம். அந்தக் கையைப் பாருங்கள்.

கூட்டம் இல்லாத நேரமாக இருந்தால், ‘சாமி, பிள்ளைகளுக்கு அந்தச் சுவாலையைக் கொஞ்சம் காட்டுங்களேன்’ என்று பணிவாகக் கேளுங்கள். தீபத்தைச் சுவர்ப் பக்கம் உயர்த்திக் காட்டுவார்கள். தட்டில் பத்து ரூபாயோ இருபது ரூபாயோ உங்கள் மனம்போல. தாயார் உய்யவந்த நாச்சியார். சேவிக்காமல் வந்துவிட வேண்டாம்.

அப்புறம் சிவன் கோயில். பெருமாள் கோயிலிலிருந்து நேரே உள்வழியாகப் போக முடியாது, வெளியே வந்து சுற்றித்தான் போக வேண்டும். லிங்கத்துக்கு நேர் எதிர்ச் சுவரில், லிங்கத்துக்குள்ளிருந்து சிவன் தோன்றும் உருவமான லிங்கோத்பவர். ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும். கர்ப்பக்கிருகத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு அப்படியே திரும்பிப் பாருங்கள். பலர் திரும்புவதே இல்லை. மேலே கூரையில் பழைய வண்ணப்பூச்சு, கோலம் போன்ற கட்டங்களாக, இங்கொன்றும் அங்கொன்றுமாக மிச்சம் இருக்கிறது.

இந்தச் சுவரிலும் குடுமியான்மலை மாதிரியே ஓர் இசைக் கல்வெட்டு இருந்தது. 13-ஆம் நூற்றாண்டில் இரண்டு கோயிலுக்கும் வருமானத்தைப் பங்கிடுவதில் பெரிய தகராறு. ஹொய்சாளத் தளபதி அப்பண்ண தண்டநாயக்கர் முன்னிலையில் 1245-ல் தீர்த்து வைத்தார்கள். அந்தத் தீர்ப்பைக் கல்லில் வெட்டப் போனவர்கள், பழைய இசைக் கல்வெட்டைத் தேய்த்துவிட்டு அதன் மேலேயே வெட்டிவிட்டார்கள். சில எழுத்துகள்தான் மிச்சம். எத்தனை வருஷம் ஆனாலும் அந்தச் சுவரைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியத்தான் செய்கிறது. குடுமியான்மலையில் காலையில் முழுசாகப் பார்த்த உங்கள் பெண்ணை மாலையில் இங்கே கொண்டுவந்து நிறுத்துங்கள். எதை இழந்திருக்கிறோம் என்று அவளுக்குப் புரியும். அதற்காகவே இந்த இரண்டு ஊரையும் ஒரே நாளில் வைத்தேன்.

வைகைக்கரையான்:

அக்கா, இவ்வளவு விரிவாக எழுதியதற்கு ரொம்ப நன்றி. உங்கள் பதிலை அப்படியே வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். நண்பர்களும் சரி என்றுவிட்டார்கள். அம்மாதான் ஒப்பவில்லை. பிள்ளையாரைக் கடைசியில் வைத்தால் எப்படி என்கிறார். ‘ஊருக்குப் போகிற காரியத்தைப் பிள்ளையார் இல்லாமல் தொடங்குவாளா ஒருத்தி’ என்று கேட்கச் சொன்னார். இதற்கு என்ன சொல்வது?

இன்னும் சில கேள்விகள். சாப்பாட்டை மதுரையிலிருந்தே கட்டிக்கொண்டு வரலாமா, புதுக்கோட்டை போய்ச் சாப்பிடலாமா? கேமரா விடுவார்களா? திருமயம் கோட்டைக்கு ஏற முடியுமா? பையன்கள் கோட்டை என்றதும் குதிக்கிறார்கள்.

திருமயத்துப் பொண்ணு:

அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள் தம்பி. குடுமியான்மலையில் அந்த இசைக் கல்வெட்டுப் பாறையிலேயே ஒரு பிள்ளையார் இருக்கிறார். தனியாகச் செய்து கொண்டுவந்து வைத்தவர் இல்லை, பாறையிலேயே செதுக்கியவர். காலையில் போனதும் நேரே அவர் முன்னால் அம்மாவை நிறுத்துங்கள். வீட்டிலிருந்து ஒரு கைப்பிடி அருகம்புல் கொண்டுவரச் சொல்லுங்கள். அது தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கும் இடம், அதனால் விளக்கேற்றுவது, எண்ணெய், குங்குமம் எதுவும் வேண்டாம்; புல்லைக் காலடியில் வைத்துக் கும்பிட்டால் போதும். பிள்ளையாரில் தொடங்கிப் பிள்ளையாரில் முடிகிற பயணம் ஆகிவிடும்.

மாலையில் பிள்ளையார்பட்டி போகச் சொன்னதற்கும் காரணம் உண்டு. காலையில் அங்கே கூட்டம் அதிகம், சனி ஞாயிறு இன்னும் மோசம். மாலையில் கொஞ்சம் ஆறுதலாகப் பார்க்கலாம். சங்கடஹர சதுர்த்தி மட்டும் அந்தச் சனிக்கிழமையில் வராமல் காலண்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள். கற்பக விநாயகர் வடக்குப் பார்த்து, ஆறடி உயரத்தில், மலையைக் குடைந்த கல்லில் இருக்கிறார். பொதுவாக நாம் பார்க்கும் பிள்ளையாருக்கு நாலு கை. இவருக்கு இரண்டே கை. தும்பிக்கை வலப்பக்கம் சுழித்திருக்கும். தங்கக் கவசம் சாத்தியிருந்தால் கல் உருவம் தெரியாது, அபிஷேக நேரம் அமைந்தால் பாக்கியம். அதே குகையில் திருவீசர் லிங்கமும் இருக்கிறது, கூட்டத்தோடு கூட்டமாக அதைத் தாண்டி வந்துவிடுவோம். நின்று கும்பிட்டு வாருங்கள். நகரத்தார் கோயில், பராமரிப்பு அவ்வளவு சுத்தம். பாட்டிமார் உட்கார இடமும் தண்ணீரும் கழிப்பறையும் உண்டு.

சாப்பாட்டைக் கட்டிக்கொண்டே வாருங்கள். புளியோதரை, தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல் போதும். பதினான்கு பேர் புதுக்கோட்டையில் ஹோட்டல் தேடி, இலை போட்டு, பில் கொடுத்து வெளியே வர ஒன்றரை மணி நேரம் போய்விடும். சித்தன்னவாசலில் மர நிழலில் ஜமுக்காளத்தை விரித்துச் சாப்பிட்டுவிட்டு, பெரியவர்கள் கொஞ்சம் தலையைச் சாய்க்கலாம். தண்ணீர் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள். இலை, பேப்பர், பாட்டில் எதையும் அங்கே போட்டுவிட்டு வராதீர்கள், கையோடு ஒரு சாக்குப் பை வைத்திருங்கள். இதை வற்புறுத்திச் சொல்கிறேன். அந்தப் பாறைச் சந்துகளில் கிடக்கும் குப்பையைப் பள்ளிப் பிள்ளைகளை வைத்துப் பொறுக்கியவள் நான்.

கேமரா: பெருமாள் சன்னதியிலும் பிள்ளையார் சன்னதியிலும் எடுக்கக் கூடாது. வெளி மண்டபங்களில் அந்தந்த இடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஓவியம் உள்ள இடத்தில் ஃபிளாஷ் அடிக்கவே வேண்டாம், யாரும் தடுக்காவிட்டாலும்.

கோட்டைக்கு நாலே முக்கால் மணி வாக்கில் பையன்களையும் தெம்புள்ளவர்களையும் மட்டும் அனுப்புங்கள். அது மாலையிலேயே மூடிவிடும், அதனால் கோயில் நடை திறந்ததும் முதலில் தரிசனம், பிறகு கோட்டை. 1687-ல் ராமநாதபுரம் சேதுபதி கட்டியது. கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையின் பேரைச் சொல்லி ஊமையன் கோட்டை என்றும் கூப்பிடுவோம். டிக்கெட் வாங்க வேண்டும். பாறையில் வெட்டிய படி, காற்று பிய்த்துக்கொண்டு போகும், உச்சியில் பீரங்கி. பாதி வழியில் பாறைக்குள் ஒரு சின்னக் குடைவரை, உள்ளே லிங்கம். இரும்பு ஏணியில் ஏறித்தான் பார்க்க வேண்டும், சின்னப் பிள்ளைகளை ஏற விடாதீர்கள். அவர்கள் இறங்கி வரும்வரை அம்மாவைப் பெருமாள் கோயில் மண்டபத்தில் குளத்துப் பக்கம் உட்கார வைக்கலாம். எண்கோண வடிவத்தில் அழகான குளம்.

கிளம்பும்போது மெயின் ரோட்டில் கோட்டைச் சுவரை ஒட்டிக் கோட்டை பைரவர் இருப்பார். அந்த வழியில் போகிற லாரிக்காரர், பஸ்காரர் யாரும் அவரைக் கும்பிடாமல் போக மாட்டார்கள். உங்கள் டிரைவருக்கு நீங்கள் சொல்ல வேண்டியதே இருக்காது, அவரே நிறுத்துவார். ஒரு தேங்காயை எடுத்து வைத்திருங்கள்.

செட்டிநாட்டு மாப்பிள்ளை:

அக்கா சொன்ன வழிதான் சரி, நான் என் பதிலைத் திரும்பப் பெறுகிறேன். நான் போனது நாலு நண்பர்களாக, இரண்டு பைக்கில். பாட்டி, பிள்ளைகளோடு அது சரிப்படாது. பிள்ளையார்பட்டியில் தரிசனம் முடிய ஏழரை ஆகிவிடும், ராத்திரிச் சாப்பாட்டைத் திருப்பத்தூரில் முடித்துவிடுங்கள். மேலூர் வரை போய்ச் சாப்பிடலாம் என்றால் பிள்ளைகள் தூங்கிப்போவார்கள்.

வைகைக்கரையான்:

போய் வந்துவிட்டோம் அக்கா. நீங்கள் சொன்ன வரிசையிலேயே போனோம். அருகம்புல்லை அம்மா முந்தின நாளே பறித்து ஈரத்துணியில் சுற்றி வைத்துவிட்டார். கம்பிக் கதவைத் திறந்து விட்ட காவலர், பெண் வீணை படிக்கிறாள் என்று தெரிந்ததும் ‘பரிவாதினி’ இருக்கும் இடத்தை அவரே காட்டினார். அவள் நோட்டில் நான்கு வரியை எழுத்து எழுத்தாகப் பார்த்து வரைந்துகொண்டாள். கிரந்தம் படிக்கத் தெரியாதுதான், ஆனால் ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வருவதை வைத்து ‘இது ஒரே ஸ்வரமாகத்தான் இருக்கணும் அப்பா’ என்று கண்டுபிடித்துச் சொன்னாள். அங்கிருந்து அவளைக் கிளப்புவதற்குள் பதினொன்றரை ஆகிவிட்டது.

திருமயத்தில் நாங்கள் போன நேரம் கூட்டம் இல்லை. அர்ச்சகர் கேட்காமலே தீபத்தைத் தூக்கிச் சுவாலையைக் காட்டினார். அசுரன் எங்கே என்று பையன்கள் கேட்க, காலடிப் பக்கம் மறுபடி ஒரு முறை காட்டினார். திவ்யதேச நண்பன் அங்கேயே உட்கார்ந்து பாசுரம் சொல்லத் தொடங்கிவிட்டான். சிவன் கோயிலில் அந்த அழிந்த சுவரைப் பார்த்து என் பெண் முகம் வாடிவிட்டது. யார் அழித்தது, ஏன் வேறு சுவரில் வெட்டவில்லை என்று வேனில் திருப்பத்தூர் வரை அதே கேள்வி.

அவளுக்குக் கிரந்தம் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டுமாம். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு எதிலிருந்து தொடங்குவது? படம் எடுக்கும் நண்பன் நார்த்தாமலைக்கு நாள் பார்க்கச் சொல்கிறான், எப்போது வரலாம்?

திருமயத்துப் பொண்ணு:

படித்ததும் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது தம்பி. அவள் கேட்ட கேள்வியைத்தான் நானும் சின்ன வயதில் என் அப்பாவிடம் கேட்டேன்.

கிரந்தத்தில் நேரே இறங்க வேண்டாம். முதலில் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை வெளியிடும் கல்வெட்டு அறிமுக நூல்களில் ஒன்றை வாங்கிக் கொடுங்கள். பிராமி, வட்டெழுத்து, கிரந்தம் எல்லாவற்றின் எழுத்து அட்டவணையும் அதில் இருக்கும். இன்று நாம் எழுதும் ஸ, ஷ, ஜ, ஹ எல்லாம் கிரந்தத்திலிருந்து வந்தவைதான், அதனால் அவள் நினைப்பதைவிடச் சுலபம். அவள் வரைந்து வைத்திருக்கும் நான்கு வரியோடு அட்டவணையை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஏழு ஸ்வரம், நாலு உயிர், அதற்குள் அடங்கிவிடும். ஒரு வாரத்தில் தானே படித்துவிடுவாள்.

நார்த்தாமலைக்கு மாசி பாதிக்குள் வந்துவிடுங்கள். பங்குனி பிறந்தால் பாறையில் கால் வைக்க முடியாது. விடிவதற்குள் மேலே இருக்கணும். முந்தின நாள் ராத்திரியே புதுக்கோட்டைக்கு வந்து தங்கிவிடச் சொல்லுங்கள். நடையன் தம்பி வழி காட்டுவார், அவருக்கு அந்த மலையில் ஒவ்வொரு பாறையும் தெரியும்.